தோட்ட வேலை வலிக்கு மசாஜ்: ஆளா, பந்தா, மெஷினா?

களை பிடுங்கிய அன்று ராத்திரி நன்றாகத்தான் தூங்குவேன். மறுநாள் செருப்பு மாட்டக் குனியும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மசாஜ் தெரப்பிஸ்ட், மசாஜ் கன் (தசையைப் படபடவென்று தட்டும் கை மெஷின்), டென்னிஸ் பந்து மூன்றையும் பார்த்துவிட்டேன். நிலைத்தது பந்துதான்.

சுகத்துக்குத் தெரப்பிஸ்ட், செலவுக்குப் பந்து. இதில் பேச ஒன்றுமில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது நேரம். பழகாத வேலையால் வரும் தசை வலி 12 மணி நேரத்துக்கு மேல்தான் தலைகாட்டும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும். (உழைக்கும்போது தசையில் சுரக்கும் லாக்டிக் அமிலம் தேங்குவதால் இந்த வலி என்பார்கள். அது ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். தசை நார்களில் விழும் நுண்ணிய சேதம்தான் காரணம்.) ஞாயிறு கொத்தினால் திங்களும் செவ்வாயும்தான் படுத்தும். தெரப்பிஸ்ட்டிடம் எனக்கு வியாழன்தான் நேரம் கிடைக்கும். அதற்குள் பாதி வலி போயிருக்கும்.

பந்து அப்படியில்லை, கூப்பிட்ட நேரத்துக்கு வரும். பழைய சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸின் நுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தால் நழுவி விழாது. முதுகெலும்பின் மேல் மட்டும் உருட்ட வேண்டாம், இரு பக்கச் சதையில்தான். இடுப்பு வலி என்று நான் நினைத்ததில் பாதி பின் பாக்கெட் இருக்கும் இடத்துச் சதையில் இருந்தது. 'சுருக்' என்ற இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டு, அரை நிமிடம் சாய்ந்திருந்தால் இளகிவிடும். கிளை வெட்டிய கைக்கு, பந்தை மேஜையில் வைத்து முன்கையை மேலே உருட்டினால் போதும்.

மசாஜ் கன் இரண்டு வாரம் இரவல் வாங்கியதுதான், அதனால் தீர்ப்பாகச் சொல்லவில்லை. தொடைக்கு அருமை. ஆனால் கத்தரி பிடித்துச் சோர்ந்த கையாலேயே அதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது!

எதுவானாலும் வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். காலுக்குள் மரத்துப்போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ அமுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தோள்பட்டைகளுக்கு நடுவில் மட்டும் பந்து தோற்கும், அங்கே தெரிந்த கைதான் வேண்டும். அதனால் வருஷத்தில் ஒருமுறை, மண் கொத்தி எரு கலக்கும் வாரத்துக்கு மட்டும், தெரப்பிஸ்ட்டிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுகிறேன். வியாழனுக்கு இல்லை, திங்களுக்கு.