பேக்டு எண்ணைப் பிரிக்க சார்ட்டா, கோபாலா?

கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் வேலை. வாரம் ஒருநாள் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் ஆபீஸ். போன மாதம் ஒரு ஃபைலை வெளி டீமுக்கு அனுப்ப வேண்டி வந்தது. தொகையெல்லாம் பேக்டு டெசிமலில், அதாவது ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக நெருக்கி வைக்கும் முறையில் இருந்தன. அவர்களுக்குக் கண்ணால் படிக்கிற எண் வேண்டும். கோபால் (COBOL) மொழியில் புதுசாக ஒரு ப்ரோக்ராம் எழுதுவதா, ஃபைலை வரிசைப்படுத்தவும் மாற்றவும் உதவும் டிஎஃப்சார்ட்டின் கார்டிலேயே (கட்டளை வரிகளிலேயே) முடிப்பதா என்று இரண்டு நாள் யோசித்து, சார்ட் பக்கம் போனேன். "கோபால்கிட்ட விட்டுரலாமா" என்று நான் போனில் பேசியதைக் கேட்டு, "ஆரு கண்ணு அது?" என்று அம்மா விசாரித்தது தனிக்கதை.

எழுதும் நேரத்தில் போட்டியே இல்லை. சார்ட்டில் நாலு வரி. கோபாலில் நாலு டிவிஷன்.

முதல் முறை நானே சொதப்பினேன். மைனஸ் 1234.50 என்ற தொகை பேக்டில் 5 பைட். ஹெக்ஸில் (ஒரு பைட்டை இரண்டு குறியாகக் காட்டும் முறை) பார்த்தால் 00 01 23 45, கடைசி பைட்டில் ஒரு பூஜ்யமும் மைனஸைக் குறிக்கும் டி-யும் (D). அதை அப்படியே ஸோன்டு டெசிமலாக (பைட்டுக்கு ஒரு இலக்கம்) மாற்றி அனுப்பிவிட்டேன். ஸோன்டில் குறி, கடைசி இலக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 000123450 வரவேண்டிய இடத்தில் 00012345 வந்து, அதன் வாலில் ஒரு மூடும் நெளி அடைப்புக்குறி. "அண்ணே, தொகைல எதுக்கு பிராக்கெட்?" என்று அந்த டீமிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். அப்புறம் எண் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் எடிட் மாஸ்க் போட்டேன். அதில் ஐ என்ற எழுத்து முன்பூஜ்யத்தை மறைக்கும், டி (T) காட்டும், எஸ் குறிக்கு இடம் விடும். புள்ளியையும் நாமே வைக்க வேண்டும், ஏனென்றால் தசமப்புள்ளி டேட்டாவில் எங்கேயும் இல்லை. அது காப்பிபுக்கில் (ஃபீல்டுகளின் பெயரும் அமைப்பும் எழுதி வைத்த கோபால் பகுதி) உள்ள வெறும் வி (V).

நான் சார்ட் பக்கம் சாய்ந்ததற்கு உண்மையான காரணம் பராமரிப்பு. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே மாதிரி ஃபார்மேட் மாற்றும் கோபால் ப்ரோக்ராம் ஒன்று தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நீளத்தை மாற்றச் சொன்னார்கள். ஓடும் வடிவமான லோட் மாட்யூல் இருந்தது, நாம் எழுதித் திருத்தும் சோர்ஸ் இல்லை. பெயர் ஒத்துப்போன ஒரு சோர்ஸைத் தேடிப்பிடித்து கம்பைல் பண்ணினால் வேறு விடை வந்தது. இரண்டு வாரம் போயிற்று. சார்ட் கார்டில் அந்தத் தொல்லை கிடையாது. கார்டு இருக்கும் மெம்பரைத் திறந்தால் தெரிவதுதான் ராத்திரி ஓடுகிறது.

ஆனால் பராமரிப்பிலேயே சார்ட்டுக்கு ஒரு ஓட்டையும் இருக்கிறது. அதற்கு ஃபீல்டின் பெயர் தெரியாது, 11-ஆம் இடத்திலிருந்து 5 பைட் என்று மட்டும் தெரியும். காப்பிபுக்கில் யாராவது தொகைக்கு முன்னால் இரண்டு பைட் சேர்த்தால் கோபாலை மறுபடி கம்பைல் செய்தால் போதும். சார்ட் கார்டை நாம்தான் நினைவு வைத்துத் திருத்த வேண்டும். சார்ட்டுக்குப் பெயர்ப்பட்டியல் கொடுக்கும் சிம்நேம்ஸ் டிடி-யில் இடங்களுக்குப் பெயர் கொடுத்து வைத்தால் திருத்துவது ஓரிடத்தோடு முடியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். விபி ஃபைல் (ரெக்கார்டுக்கு ரெக்கார்டு நீளம் மாறுவது) என்றால் முதல் 4 பைட் அந்த நீளத்தைச் சொல்லும் ஆர்டிடபிள்யூ, அதனால் டேட்டா 5-இல்தான் தொடங்கும். இதை மறந்து மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு.

திரும்பி வரும் டெக்ஸ்டை பேக்டாக்குவதில் கோபாலுக்கு ஒரு மார்க் கூடப் போடுவேன். சார்ட்டில் டெக்ஸ்டை எண்ணாகப் படிக்கும் யுஎஃப்எஃப் இலக்கங்களை மட்டும் பொறுக்கும், அதற்கு 12.5 என்பது 125, 12.50 என்பது 1250. கோபாலில் அதே வேலையைச் செய்யும் நம்வால் புள்ளியைப் புரிந்துகொள்ளும். அனுப்புகிறவர் எப்போதும் இரண்டு தசம இடம் கொடுப்பார் என்ற உறுதி இல்லாவிட்டால் கோபாலுக்கே போங்கள். வேகத்தைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன். என் ஃபைல்கள் சின்னவை, இரண்டையும் நிறுத்தி அளந்ததில்லை.

கெட்ட டேட்டா வந்தால் எண் இல்லாததை எண்ணாக எடுத்து ஓட்டமே நின்றுபோகும் எஸ்0சி7 பிழை இரண்டிலும் வரலாம். அதனால் தொகை நியூமெரிக்தானா என்று அவுட்ஃபில்லில் (வெளியீட்டு ஃபைலை அமைக்கும் சார்ட் கட்டளை) ஒரு இன்க்ளூட் வைத்து, தேறாததை சேவ் போட்டுத் தனி ஃபைலுக்குத் தள்ளுகிறேன். பெரும்பாலும் அது காலியாக இருக்கும். போன வெள்ளிக்கிழமை 3 ரெக்கார்டு விழுந்திருந்தன. தொகை இருக்க வேண்டிய 5 பைட்டிலும் வெறும் ஸ்பேஸ்.