தாம்பரத்து ரெஸ்யூமே கடை: டைப்பிங் அருமை, ஃபார்மட்தான் ஆபத்து

தாம்பரத்தில் காலேஜ் பசங்க வரிசையில் நிற்கிற ஒரு டிடிபி கடை. பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே மாதிரி கடை எல்லா ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிரிலும் இருக்கிறது, அங்கேயும் கிட்டத்தட்ட இதே ஃபார்மட்தான் ஓடுகிறது. இரண்டு பக்க ரெஸ்யூமே அடித்து, பத்து காப்பி பிரிண்ட் போட்டு, மெயிலிலும் அனுப்ப 200 ரூபாய். நல்ல வேகம். எழுத்துப் பிழை கண்ணில் படவில்லை. டைப் அடிக்கிற அக்கா ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அடிக்கிறார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அவர் எதையெல்லாம் கேட்கிறார் என்பதுதான் விஷயம். நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறேன், ரெஸ்யூமேக்களை முதலில் பிரித்துப் பார்க்கிற ஆள். என் தங்கை மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இந்தக் கடையில் அடித்து வாங்கி வந்ததைப் பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது. அப்பா பெயர், அப்பாவின் தொழில், பிறந்த தேதி, மதம், கம்யூனிட்டி, கல்யாணம் ஆனதா இல்லையா, ரத்த வகை, உயரம், எடை, கதவு எண் முதல் பின்கோடு வரை முழு விலாசம், கடைசியில் ஆதார் நம்பர், பான் நம்பர். இது மட்டுமே அரைப் பக்கம். பையன் நண்பர்களோடு சேர்ந்து காலால் மிதித்து ஓட்டுகிற கடலை உரிக்கும் மெஷின் ஒன்றைச் செய்திருக்கிறான், சாலிட்வொர்க்ஸ் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் அவனே வரைந்தது, வெல்டிங் கடையில் நின்று பொருத்தியது. அது இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரி, தலைப்பு மட்டும். வேலை தருகிறவன் பார்க்க வேண்டியது அந்த மெஷின்தானே?

ஆதார், பான் நம்பர்களை முதலில் தூக்குங்கள். ரெஸ்யூமே ஒரு இடத்தில் நிற்காது, கன்சல்டன்சி, வாட்ஸ்அப் குரூப், ஜாப் போர்ட்டல் என்று கை மாறிக்கொண்டே போகும். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், போன், ஆதார் எல்லாம் ஒரே தாளில் இருந்தால் 'உங்களை செலக்ட் பண்ணிட்டோம், டெபாசிட் கட்டுங்க' என்று ஏமாற்றுகிறவனுக்கு அதைவிட வசதி வேறு கிடையாது, உங்கள் விவரத்தை வைத்தே நம்ப வைத்துவிடுவான். வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு எச்.ஆர். கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். வெறும் அடையாளத்துக்குக் காட்டுவதென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் இருக்கிறது, ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

மதமும் சாதியும் தனியார் கம்பெனிக்கு எதற்கு? இட ஒதுக்கீடு உள்ள அரசு வேலைக்கு அதற்கென்று விண்ணப்பப் படிவம் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. மாதிரி இடங்களில் அங்கே நிரப்பி, சான்றிதழ் காட்டினால் சரி. கல்யாண விஷயமும் அப்படித்தான், அதிலும் பெண்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். 'கல்யாணமாயிடுச்சா, அப்ப லீவு நிறைய போடுவாங்க' என்று ஒரு நல்ல ரெஸ்யூமேயை ஓரமாக வைத்தவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் ஆப்ஜெக்டிவ் என்று போடுகிற அந்தக் குறிக்கோள் வரி. சவாலான சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன் என்கிற அதே வாக்கியம், பக்கத்தில் நின்ற பி.காம். பெண்ணின் ரெஸ்யூமேயிலும் எழுத்து மாறாமல் இருந்ததாம். இப்படி எல்லோருக்கும் பொருந்துகிற வரி படிக்கிறவருக்கு எதுவும் சொல்லாது. பாட்டு கேட்பது, கிரிக்கெட் பார்ப்பது என்கிற ஹாபியும், கடின உழைப்பு, தன்னம்பிக்கை என்கிற ஸ்ட்ரெங்த்தும், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று ஊர், தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிற டிக்ளரேஷனும் அதே ரகம். ஜில்லா அளவில் கபடி ஆடியிருந்தால் அதை எழுதுங்கள், அது வேறு. போட்டோவும் இந்த ஊர் வேலைக்குத் தேவையில்லை, அமெரிக்கா, பிரிட்டன் கம்பெனிகளுக்கு அனுப்பினால் கண்டிப்பாக வேண்டாம். வளைகுடா வேலை மட்டும் விதிவிலக்கு, அங்கே போட்டோ, நேஷனாலிட்டி, விசா விவரம் கேட்பது சகஜம்.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கை ஃப்ரெஷர்கள் எடுக்க வேண்டாம். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று மூன்று கட்டத்திலும் 60 சதவீதம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நான்கைந்து வருட அனுபவம் வந்தபின் அது தானாகவே உதிரட்டும். வாங்குகிற சம்பளத்தையும் எழுதாதீர்கள், பேரம் பேசும்போது அது உங்கள் கையைக் கட்டிவிடும்.

கடை மேல் எனக்கு இன்னொரு வருத்தம். கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பில் வந்தவர்கள் எல்லோருடைய ஃபைலும் பெயரோடு கிடக்கிறது, கவுண்டரில் நிற்கிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே அடிக்கிறார்கள் போல, எங்கள் பையனின் டிக்ளரேஷனில் ஊர் என்ற இடத்தில் செய்யாறு என்று இருந்தது, அவன் செய்யாறு பக்கம் போனதே இல்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அதுவும் அந்த அக்காவின் டைப்பிங்குக்காக. கூகுள் டாக்ஸில் ரெஸ்யூமே டெம்ப்ளேட்டுகள் இலவசமாகவே இருக்கின்றன, போனிலேயே அடிக்கலாம், கட்டம் கட்டாத, பக்கத்தை இடம் வலம் என்று பிரிக்காமல் மேலிருந்து கீழே இறங்குகிற டெம்ப்ளேட்டாகப் பார்த்து எடுங்கள், இடம் வலமாகப் பிரித்து வைத்தால் ரெஸ்யூமே படிக்கிற கம்பெனி சாஃப்ட்வேர் சில நேரம் வரிகளைக் கலந்து படித்துவிடும். கடையில்தான் அடிக்க வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். வேர்ட் ஃபைலையும் கையோடு கேட்டு வாங்குங்கள், பி.டி.எஃப். மட்டும் வாங்கி வந்தால் பிறகு ஒரு போன் நம்பர் மாற்றக்கூட 30 ரூபாய் கேட்கிறார்கள்.