பத்து வருடம் தாண்டிய டிரையர்: இயந்திரத்தை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள வீட்டுக்குக் குடிவந்தபோது பேஸ்மென்டில் வாங்கி வைத்த, துணி காயவைக்கும் மின்சார டிரையர் பத்து வருடத்தைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. விலை குறைந்த, பொத்தான்கள் அதிகமில்லாத சாதாரண மாதிரிதான். புதிதாக வீடு வாங்கும் உறவினர்கள் "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிரையர் நிற்கும் இடத்திலிருந்து வெளிச்சுவர் எவ்வளவு தூரம்?

காரணம் இருக்கிறது. இங்கே வீடுகளில் உள்ள மின்சார டிரையர் 240 வோல்ட்டில், தனக்கென்று தனியான 30 ஆம்ப் இணைப்பில் ஓடுவது. உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி ஏறத்தாழ 5 கிலோவாட் இழுக்கும். அந்தச் சூட்டுக் காற்று ஈர உடுப்புக்குள் புகுந்து, நீராவியையும் பஞ்சையும் அள்ளிக்கொண்டு 4 அங்குலக் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். கதவருகே இருக்கும் வடிகட்டி பஞ்சில் பெரும்பகுதியைப் பிடிக்கும், முழுவதையும் பிடிக்காது. மிச்சம் குழாயில் படிகிறது. குழாய் அடைபட அடைபட ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் போகிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. பக்கத்திலேயே பஞ்சு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்துக்குப் போட்ட கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். முதல் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல, சுத்தம் செய்யாமல் விட்டது.

எங்கள் வீட்டில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன குழாய் வெள்ளை நிறப் பிளாஸ்டிக், சுருள் கம்பி வைத்தது. டிரையரைப் பொருத்த வந்தவர் அதிலேயே மாட்டிவிட்டுப் போகப் பார்த்தார். வேண்டாமென்று கழற்றச் சொன்னேன். பிளாஸ்டிக் குழாய் சூட்டில் உருகும், தீப்பிடித்தால் தானும் சேர்ந்து எரியும். அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும் பஞ்சு தங்குவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கும் மெல்லிய அலுமினியத் தாள் குழாயும் எனக்குப் பிடிப்பதில்லை, டிரையரைச் சுவரோடு தள்ளினால் நசுங்கிவிடும். உள்பக்கம் வழுவழுப்பான தகரக் குழாயே நல்லது. இணைப்புகளில் திருகாணி போடக்கூடாது, அதன் நுனியில் பஞ்சு மாட்டும். ஒட்டுவதற்கு உலோக டேப். சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் காய்ந்து கழன்றுவிடும். அமெரிக்கக் கட்டட விதியில் குழாயின் நீளம் பொதுவாக 35 அடிக்கு மேல் போகக்கூடாது, செங்கோண வளைவு ஒன்றுக்கு 5 அடி கழிக்க வேண்டும். உங்கள் டிரையரின் கையேட்டில் அதற்கென்று தனிக் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். எங்களுடையது ஒரே வளைவோடு வெளியே போகிறது. பத்து வருடம் ஓடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

வருடத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குவதற்கு முன்பு, பிளக்கைக் கழற்றி, இயந்திரத்தை முன்னால் இழுத்து, நீளமான தூரிகையைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றுவேன். வருவது தூசி அல்ல, சாம்பல் நிறக் கம்பளி. அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அதற்குள் தலைமுடி, சட்டைக் காலரின் அளவுச் சீட்டு, ஒருமுறை வைக்கோல்கூட வந்தது. வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்திலுள்ள மூடி சரியாக மூடாமல் நின்றதில் வசந்த காலத்தில் குருவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. குருவியைத் தடுக்கிறேன் என்று அங்கே கம்பிவலை அடித்துவிடாதீர்கள். வலையில் பஞ்சு படிந்து சில வாரங்களிலேயே அடைத்துவிடும். மூடியை மாற்றினால் போதும். குளிர்காலத்தில் அதே மூடி பனியில் உறைந்து திறக்காமல் நிற்கும், அல்லது பனிக்குவியல் அதை மூடிவிடும். வாசலில் பனி அள்ளும்போது அந்தப் பக்கமும் ஒரு நடை போய் வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

அடைப்பை முன்கூட்டியே சொல்லும் முக்கிய அறிகுறி நேரம். முக்கால் மணியில் காய்ந்த துவாய்கள் இரண்டாவது தடவை ஓட்டியும் ஈரமாக இருந்தால் இயந்திரம் கிழடாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முதலில் வெளியே போய் மூடிக்கு முன்னால் கையை வையுங்கள். காற்று பலமாக அடிக்கவில்லையென்றால் விஷயம் குழாயில்தான். நடுவில் ஒரு வருடம் உருளை சுற்றியது, சூடு மட்டும் வரவில்லை. வந்த திருத்துனர் வெப்ப ஃப்யூஸ் போய்விட்டது என்று மாற்றினார். கூடவே, "வேண்டுமென்றால் இது இல்லாமலும் நேராக இணைத்துத் தரலாம்" என்றார். அவரை அதன் பிறகு கூப்பிடவில்லை. அந்தச் சின்ன ஃப்யூஸ் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னை அறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. அது போனால் புதிது போட வேண்டும், ஏன் போனது என்றும் பார்க்க வேண்டும். அன்று காற்றை வெளியே தள்ளும் காற்றாடியின் கூட்டுக்குள் ஒரு காலுறை இருந்தது.

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வழிக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். பலர் செய்யாதது அதைக் கழுவுவது. உடுப்போடு சேர்த்து டிரையருக்குள் வாசனைத் தாள் போடும் வீடுகளில் வலைமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் ஏறும். குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கினால் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் எடுக்க வேண்டிய நேரம். உருளைக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகள் ஈரத்தை அறிபவை. அவற்றிலும் இந்தப் படலம் ஏறினால் உடுப்பு காயும் முன்பே இயந்திரம் நின்றுவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் சரி.

இனி எங்கள் ஆட்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று: எண்ணெய்த் துவாய். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து முழுகும் வீடு எங்களுடையது. தலை துவட்டிய துவாயைத் தோய்த்த பிறகும் முகர்ந்தால் எண்ணெய் மணக்கும். குசினித் துணியும் அப்படித்தான். "தோய்ச்ச துவாய்தானே பிள்ளை, போட்டால் என்ன?" என்று அம்மா கேட்பார். நல்லெண்ணெய் மாதிரித் தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேரும்போது தாமாகவே சூட்டை உண்டாக்கும். டிரையரின் சூடு அதை வேகப்படுத்தும். காய்ந்த துணியைச் சுடச்சுடக் கூடையில் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இயந்திரம் நின்று சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். தேங்காயெண்ணெயில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் துவாயில் எது ஊறியிருக்கிறது என்று யார் பிரித்துப் பார்ப்பது? எங்கள் வீட்டில் எண்ணெய் பட்ட எதுவும் டிரையருக்குள் போகாது. பேஸ்மென்டில் அதற்கென்று ஒரு கொடி கட்டியிருக்கிறது. அம்மா இப்போது கேட்பதில்லை, தானே கொண்டுபோய் விரித்துவிடுகிறார்.

இதே காரணத்தால்தான் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் சுற்றித் துணியை ஆறவைக்கும் கட்டத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. அவசரத்துக்கு நிறுத்தினால் எல்லாவற்றையும் உடனே வெளியே எடுத்துப் பரப்பிவிட வேண்டும். ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதி, நுரைப்பஞ்சு வைத்த உடுப்பு, பெட்ரோல் பட்ட துணி ஆகியவையும் கூடாது. பட்டுத் துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பருத்திச் சேலையைப் போட்டால் கயிறாகத் திரிந்து நடுவில் ஈரமாகவே வரும்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இன்னொரு சபலம், நேரத்துக்கு நேரம் மாறும் மின்கட்டணம். வார நாட்களில் வழக்கமான மலிவு நேரம் இரவு 7 மணிக்குத் தொடங்கும். 2023-இல் வந்த திட்டத்திலோ இரவு 11 முதல் காலை 7 வரை இன்னும் மலிவு. படுக்கும் முன் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று தோன்றும். நாங்கள் செய்வதில்லை. எல்லோரும் தூங்கும்போதோ வீட்டில் ஆளில்லாதபோதோ டிரையர் ஓடக்கூடாது. பழைய கட்டணத் திட்டத்திலேயே இருந்துகொண்டு, 7 மணிக்குப் போட்டு ஒன்பதுக்குள் மடித்து வைத்துவிடுகிறோம். வார இறுதியில் முழு நாளும் மலிவுதான்.

அடுத்தது வாங்கினால் ஹீட் பம்ப் டிரையரா என்று மகள் கேட்கிறாள். அது ஈரக்காற்றை வெளியே விடாமல் உள்ளேயே சுழற்றி நீரைப் பிரித்தெடுப்பது, அதனால் வெளிக்குழாய் தேவையில்லை, சூடும் மின்செலவும் குறைவு. வெளிச்சுவர் எட்டாத அபார்ட்மென்ட்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் காய நேரம் பிடிக்கும், விலை கூட, உள்ளே உள்ள மெல்லிய தகட்டு அடுக்கிலும் பஞ்சு படியும், அதையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே வளைவில் வெளியே போகும் குழாய் கையில் இருக்கும்போது நான் மறுபடியும் இதே மாதிரிச் சாதாரணத்தைத்தான் வாங்குவேன்.