ஜதிலுவி கிராமத் தங்குமிடம்: இலங்கைத் தம்பிலுவில் வயல்காரனின் பார்வையில்

பாலித் தீவுக்குப் போகும் நம்மட ஆக்கள் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நான் மகன் குடும்பத்தோடு போனபோது, தபனான் மாவட்டத்தில் பத்துக்காரு மலையடியில் இருக்கும் ஜதிலுவியில்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

அறை சாதாரணம். சுடுதண்ணி வரத் தாமதம், இரவில் குளிர். போர்வை ஒன்று கூடக் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறந்தால் படிப்படியாக வயல். கொடுத்த காசு அதற்கே சரி.

வரம்புகளில் நடக்கப் பாதை விட்டிருக்கிறார்கள், நுழைவுச்சீட்டு உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியது தண்ணீர் விசயம்தான். ஒரே நீரைப் பங்கிடும் விவசாயிகளுக்கு ‘சுபாக்’ என்று ஒரு சங்கம், அதன் தலைவரைப் ‘பெக்காசே’ என்கிறார்கள். நம்மட ஊரில் வயல் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையார் மாதிரித்தான், ஆனால் வாய்க்கால் வேலையோடு கோயில் சடங்கும் சேர்ந்து நடக்கிறது. எல்லாரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் வயலை ஓயவிட்டால் பூச்சிக்கும் எலிக்கும் இரை கிடைக்காது. நம்மட பக்கத்து இங்கினியாகலைக் குளத்துத் தண்ணீருக்காகக் கடைசி வாய்க்காலில் காத்து நிற்பவனுக்கு இதெல்லாம் பொறாமைதான். 2012இல் யுனெஸ்கோ இந்த சுபாக் நிலப்பரப்பை உலக மரபுரிமையாக்கியது.

சாப்பாடு நல்லம். உள்ளூர்ச் சிவப்பரிசிச் சோறு, அதே அரிசியை வறுத்துக் காய்ச்சிய தேநீர். பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் முன்னமே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் வரம்பு வழுக்கும், முழங்கால் நோ உள்ளவர்கள் கம்பு ஒன்று கொண்டு போங்கள்.