விஎஸ்எம் (சாம்பிள அதிர வச்சு காந்தத்தன்மைய அளக்குற மெஷின்) டெஸ்ட் சர்வீஸ்: 5க்கு 3
கோபால்ட் 5 சதவீதம் டோப் பண்ண (அதாவது கலந்த) ஜிங்க் ஆக்சைடு நானோ பவுடர ஒரு யுனிவர்சிட்டி லேபுக்கு அனுப்பிருந்தேன், டேட்டா சீக்கிரமே வந்துருச்சு, சின்னதா ஒரு லூப்பும் (ஃெபரோமேக்னட், அதாவது இரும்பு மாதிரி காந்தப் பொருள்னா வர்ற வளைவு) இருக்கு, ஆனா சாம்பிள வைக்கிற ஹோல்டரோட டயாமேக்னடிக் பேக்ரவுண்ட (ஹோல்டர்ல இருந்தே வர்ற எதிர்த்திசை காந்த சிக்னல) கழிக்காமயே குடுத்துட்டாங்க, காலி ஹோல்டர் ரன் கேட்டா அதுக்கு தனி சார்ஜாம்! இந்த மாதிரி சாம்பிள்ல சிக்னலே ரொம்ப கம்மிங்க, ஸ்டீல் ட்வீசர்ல இருந்து துளி இரும்பு ஒட்டுனாலே ஃபெரோமேக்னட் மாதிரி காட்டிரும், போதாததுக்கு 2006லயே பெங்களூர்ல சுந்தரேசன், சி.என்.ஆர். ராவ் குரூப் டோப்பிங்கே இல்லாத ஜிங்க் ஆக்சைடு நானோதுகள்லயும் ரூம் டெம்பரேச்சர்ல காந்தத்தன்மை இருக்குன்னு காட்டிட்டாங்க, அப்புறம் கோபால்ட்டுதான் காரணம்னு எப்படி அடிச்சு சொல்றது?

ஆப்பரேட்டர் அண்ணன் தங்கமான மனுஷன், போன்ல பொறுமையா பதில் சொல்றாரு. மெஷின் ஓகே, ரிப்போர்ட்தான் சொதப்பல். அனுப்புறவங்க பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா யூஸ் பண்ணுங்க, டோப் பண்ணாத சாம்பிளையும் கூடவே அனுப்பிருங்க.