வைகைத் தண்ணீரில் பீனால்: எந்த எலெக்ட்ரோடு தாங்கும்?

தண்ணீரில் கலந்த பீனால் என்ற நச்சு வேதிப்பொருளை மின்னோட்டம் வழியே அளக்கும் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு எலெக்ட்ரோடு தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு குறைவாக அளக்கும்?" என்றுதான். இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012) பீனால் வகைகளுக்கு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதால் கேள்வி நியாயமானதே. பீனாலாகக் கணக்கிட்டால் 10 நானோமோலார் செறிவை ஒட்டி வரும். ஆனால் லேபில் கலக்கிய சுத்தமான பஃபர் கரைசலில் கிடைக்கும் எண் வேறு, மதுரை யானைக்கல் தரைப்பாலத்தடியில் மொண்ட தண்ணீரில் பத்தாவது முறை அளக்கும்போது கிடைப்பது வேறு. ஆக்சிஜனேற்றம் ஆகும்போதே பீனால் பாலிமர் படலமாகி எலெக்ட்ரோடு மேல் படிந்துவிடும். சாக்கடை வழியே வரும் சோப்பும் சேர்ந்து ஒட்டும்.

எல்லா லேபிலும் பார்ப்பது, கிளாசி கார்பன் (கண்ணாடி போல் வழவழப்பான கார்பன்) மேல் கார்பன் நானோகுழாய் பூச்சு. வெறும் கார்பனில் ஒன்றாய் ஒட்டி வரும் ஹைட்ரோகுவினோன், கேட்டகால் என்ற பீனால் வகைகளின் பீக்குகள் (மின்னோட்ட முகடுகள்) இதில் சுமார் 0.1 வோல்ட் தள்ளிப் பிரியும். அழகுதான். ஆனால் ஈரப் பஞ்சுத் துணியில் 0.05 மைக்ரான் அலுமினா போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் போடுகிற அதே எட்டைப் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் நானோகுழாய் கலந்த கரைசலில் 5 மைக்ரோலிட்டர் துளி. காயும்போது குழாய்கள் விளிம்புக்கு ஓடி வளையமாக நிற்கும். வளையம் தினம் ஒரு மாதிரி, பீக்கும் அப்படியே. படலம் மூடினால் மறுபடி முதலிலிருந்து.

டைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) பூசிய எலெக்ட்ரோடு பூஜ்ய வோல்ட் அருகிலேயே வேலை செய்வதால் மற்ற பொருள்களின் தொந்தரவு குறைவு. சித்திரை வெயிலில் நொதியைக் கட்டிக் காப்பது யார்? விட்டுவிடலாம்.

போரான் கலந்த வைர எலெக்ட்ரோடுக்குப் பூச்சே தேவையில்லை. எளிதில் எதுவும் ஒட்டாது. ஒட்டினாலும் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் தண்ணீரிலிருந்து உண்டாகும் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் அதை எரித்துவிடும். விலைதான் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கு என் ஓட்டு, நானோகுழாய் கலந்த மையில் அச்சடித்த எலெக்ட்ரோடு பட்டைக்கு. ஒரு சாம்பிள், ஒரு பட்டை, தூக்கிப் போடு. பட்டைக்குப் பட்டை கொஞ்சம் மாறும். அதே தண்ணீரில் தெரிந்த அளவு பீனாலைச் சேர்த்துத் திரும்ப அளந்தால் சரிக்கட்டலாம்.

அதற்கும் காசில்லையா, ஸ்டேஷனரி கடை எச்.பி. பென்சில் லெட் போதும். ஒடித்தால் புதுப் பரப்பு. முங்கும் நீளம் மாறாதபடி டெஃப்ளான் டேப் சுற்றுங்கள். அது பிசகினால் மின்னோட்டமும் பிசகும்.