இரத்த வகையில் ஐயம்: எங்கள் ஊர் இரத்த வங்கியின் சேவை

பேராக் மாநிலத்தில், எங்கள் தோட்டப்புறப் பட்டண மருத்துவமனையின் இரத்த வங்கி, பால்மரம் வெட்டி ஓய்ந்த என் அம்மாவுக்கு இரத்தம் தர இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டதை நான் குறையாகக் கருதவில்லை.

அம்மாவின் சிவப்பணுக்கள் ‘ஏ’ வகை என்று காட்ட, பிளாஸ்மாவோ (இரத்தத்தின் நீர்ப்பகுதி) ‘பி’ அணுக்களோடு, ‘ஏ’ வகையினரிடம் திரளக் கூடாத ‘ஏ1’ (‘ஏ’யின் பொதுவான உட்பிரிவு) அணுக்களையும் திரளச் செய்ததால், முடிவை எழுதாமல் நிறுத்தி, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்த்துப் புதிய மாதிரி எடுத்தார்கள். நாம் ரசம் வைக்கும் கொள்ளிலிருந்து பிரிக்கப்படும் லெக்டினை, அதாவது ‘ஏ1’ அணுக்களைத் திரளச் செய்யும் புரதத்தை, சேர்த்தபோது அம்மாவின் அணுக்கள் திரளவில்லை. குழாயை மெல்லச் சாய்த்து, திப்பி இல்லாமல் சீராகக் கலங்கிய சிவப்பை ஆய்வக அக்கா எனக்குக் காட்டினார். அம்மா ‘ஏ2’ உட்பிரிவாம். பிளாஸ்மாவில் ‘ஏ1’ அணுக்களைத் திரளச் செய்த எதிர்ப்பொருள் உடல் வெப்பமான 37 டிகிரியிலும் வினைபுரிந்ததால், பொருத்தம் பார்த்த ‘ஓ’ சிவப்பணுக்களையே ஏற்றினார்கள்.

வெளியே காத்திருந்த அப்பாவிடம் தாமதத்தின் காரணத்தை யாரும் சொல்லாதது வருத்தமே.